கீழே இருப்பது மூத்தது

பாறைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆனாலும் இந்தப் பாறை அந்தப் பாறையைவிட மூத்தது என்று நிலவியலாளர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். எத்தனை ஆண்டு மூத்தது என்று சொல்வதற்குத்தான் அவர்களுக்கு ஆய்வுக்கூடமும் கதிரியக்கக் கணக்கும் வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லக் கண்ணும் பொறுமையும் நாலைந்து எளிய விதிகளும் போதும். ஒன்றின் வயதை இன்னொன்றோடு பொருத்திச் சொல்லும் இந்த முறைக்கு ஒப்பீட்டு வயதுக் கணிப்பு என்று பெயர்.

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் பெண்களின் வரலாற்றைத் தேடும்போதுதான் எனக்கு இந்த முறையின் மீது ஈடுபாடு வந்தது. அங்கே எழுத்தில் கிடைப்பவை டச்சுக் கம்பெனியின் கணக்குகள், கோட்டையின் கதை, கல்லறைக் கற்கள், மீன்வளத் துறையின் படகுப் பதிவுகள், ஊர்ப் பஞ்சாயத்தின் முடிவுகள். எல்லாவற்றிலும் ஆண்டு இருக்கிறது. பெண்கள்தான் அரிதாக இருக்கிறார்கள். பெண்களிடம் கேட்டால் கதை இருக்கிறது, ஆண்டு இல்லை. “ஆண்டு இல்லாததை வரலாறாக எப்படி எழுதுவது?” என்று கேட்பவர்களுக்கு நிலவியலைத்தான் நான் காட்டுகிறேன். ஓர் ஆண்டுக் கணக்குகூடக் கையில் இல்லாமல் பூமியின் வரலாற்றை வரிசையாக எழுதி முடித்த அறிவியல் அது. ஜுராசிக், கிரிட்டேசியஸ் என்று இன்று குழந்தைகளும் சொல்லும் காலப் பெயர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வரிசைப்படுத்தப்பட்டுவிட்டன. பாறைக்குக் கதிரியக்கம் வழியாக முதன்முதலில் வயது சொல்லப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

ஊற்றுக் குழியில் ஒரு பாடம்

பழவேற்காடு, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் நன்னீரைக் கொண்டு வருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்திட்டு. பல இடங்களில் ஏரியின் ஆழம் இடுப்பளவைத் தாண்டாது.

இப்படிப்பட்ட கடலோரத்தில் குடிநீர் எடுப்பது பெண்களின் வேலை. குழாய் வராத காலத்தில் மட்டுமல்ல, குழாய் வந்தும் தண்ணீர் வராத நாட்களிலும் மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டித்தான் குடம் நிறைத்திருக்கிறார்கள். மேலே காய்ந்த மணல். அதற்குக் கீழே ஈரமணல். அதற்கும் கீழே மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலம்போல் மிதந்து நிற்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் கிளிஞ்சல் கலந்த கறுப்புச் சேறு வரும், தண்ணீர் கரிக்கும். எந்த அடுக்கில் கை நிற்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் வருவதில்லை, தாயிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் வருகிறது.

இந்தக் குழியின் சுவரில்தான் நிலவியலின் முதல் விதி எழுதியிருக்கிறது. டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் ஃபிளாரன்ஸில் பணியாற்றிய நிக்கோலஸ் ஸ்டீனோ 1669இல் அதை நூலாக எழுதினார். நீரிலிருந்து படியும் மண், ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் படிய முடியும். மேல் அடுக்கு படியும்போது கீழ் அடுக்கு ஏற்கெனவே அங்கே இருந்தாக வேண்டும். ஆகவே, கலையாத அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது. படியும்போது அடுக்குகள் கிடையாகத்தான் படியும், சாய்ந்தோ மடிந்தோ இருந்தால் அது பிறகு நடந்தது என்பதும் அவர் சொன்னதுதான்.

கேட்பதற்கு இது யாருக்கும் தெரிந்த விஷயம்போல் இருக்கும். சாக்குமூட்டையில் அடியில் கிடக்கும் கருவாடு முதலில் போட்ட கருவாடு. ஸ்டீனோ செய்தது, அந்தத் தெரிந்த விஷயத்தை மலைகளுக்கும் பொருத்திப் பார்த்தது. “கலையாத” என்ற சொல்லையும் மறக்கக் கூடாது. ஏரிச் சேற்றில் நண்டு வளை தோண்டும்போது கீழ்மண்ணை மேலே தள்ளுகிறது. புயல் ஒரே இரவில் கடல்மணலைக் கொண்டுவந்து ஏரிக்குள் கொட்டுகிறது. முகத்துவாரத்தை இயந்திரம் வைத்துத் தூர்வாரினால் அடியில் இருந்தது கரையில் குவிகிறது. அடுக்கைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது கலைக்கப்பட்டதா, கலைத்தது யார் என்பதே.

சேற்றில் கிடக்கும் மகரந்தம்

ஏரியின் அடியில் துளையிட்டு எடுத்த மண்ணை லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சும் ஃபரூக்கி என்ற பெண் அறிவியலாளர் ஆராய்ந்தார். ஜி.ஜி. வாஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2000ஆம் ஆண்டு ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. அவர் தேடியது மகரந்தத் துகள்களை. மகரந்தத்தின் மேலோடு எளிதில் மக்காது. ஆக்சிஜன் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அப்படியே கிடக்கும். ஓர் அடுக்கில் கண்டல் மரங்களின் மகரந்தம் மிகுந்திருந்தால் அந்தக் காலத்தில் அங்கே அலையாத்திக் காடு இருந்தது என்று பொருள். மேலே வரவர அது குறைந்து, வறண்ட உவர்நிலச் செடிகளின் மகரந்தம் கூடினால் காடு சுருங்கிவிட்டது என்று பொருள்.

இப்படித்தான் பழவேற்காட்டின் கடந்தகாலம் வெளிப்பட்டது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைத் தாண்டி மேற்கே ஏறி நின்றது. பிறகு பின்வாங்கியது. பின்வாங்கிய கடல் விட்டுச்சென்ற மணல்மேடுகள் உள்நாட்டில் வரிசையாகக் கிடக்கின்றன. அந்த வரிசையில் மேற்கே இருப்பது மூத்தது, கிழக்கே இருப்பது இளையது. இன்று கண்டல் ஆங்காங்கே புதராக மட்டும் மிஞ்சியிருக்கும் ஏரியின் ஓரத்தில் ஒரு காலத்தில் அடர்ந்த அலையாத்திக் காடு இருந்தது.

அந்த லக்னோ நிறுவனத்தின் கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். 1949 ஏப்ரல் 3 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில் நிறுவனர் பீர்பால் சாஹ்னி இறந்துபோனார். கட்டடமே எழும்பாத நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவருடைய மனைவி சாவித்திரி சாஹ்னி. கணவர் காலத்திலேயே களப்பணிகளுக்கு உடன் சென்றவர் அவர். அடிக்கல்லில் இருப்பது ஒரு பெயர், அதன்மேல் கட்டடம் எழும்பக் காரணமாக இருந்தது இன்னொரு பெயர்.

வெட்டுவது இளையது

இரண்டாவது விதியைப் புரிந்துகொள்ளப் பழவேற்காட்டுக்கு வரும் வழியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு பாறையைப் பிளந்துகொண்டு எரிமலைக் குழம்பு ஏறி உறைந்திருந்தால், பிளக்கப்பட்ட பாறை மூத்தது, பிளந்தது இளையது. வெட்டுப்படுவதற்கு ஒரு பொருள் முதலில் இருந்தாக வேண்டும் அல்லவா?

பக்கிங்ஹாம் கால்வாய் அப்படி வெட்டிக்கொண்டு போகிறது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கி, பிறகு வடக்கே பழவேற்காடு வழியாக ஆந்திரத்துக்கு நீண்டது. மணல்மேட்டையும் கழியையும் அது குறுக்கே அறுக்கிறது. எந்த ஆவணமும் இல்லாமல் போனாலும், ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர் கால்வாயின் சுவரைப் பார்த்துவிட்டு “மேடு முந்தியது, கால்வாய் பிந்தியது” என்று சொல்லிவிடுவார். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போகும் சாலையும் அப்படித்தான். ஏரி மூத்தது, சாலை இளையது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் 1971இல் கிளம்பியது. சாலையும் ஏவுதளமும் வருமுன்பே அந்தத் திட்டில் ஊர்கள் இருந்தன, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் இருந்தார்கள்.

கால்வாய் யார் பெயரில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லப்படும் 1876-78 பஞ்சத்தின்போது பக்கிங்ஹாம் பிரபு சென்னை ஆளுநர். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நிவாரண வேலைகளில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் மண் சுமந்தார்கள். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மண் எடுத்த பள்ளத்தின் வயதைக் கணிக்க விதி இருக்கிறது. அந்த மண்ணைத் தலையில் சுமந்தவர்களின் பெயரைக் கணிக்க எந்த விதியும் இல்லை. ஆனால் அந்தக் கைகள் அங்கே இருந்தன என்பதற்குப் பள்ளமே சாட்சி.

கல்லுக்குள் கல்

ஏரியிலிருந்து மேற்கே போனால் மூன்றாவது விதி கிடைக்கிறது. ஒரு பாறைக்குள் இன்னொரு பாறையின் துண்டு இருந்தால், துண்டுதான் மூத்தது. அல்வாவுக்குள் இருக்கும் முந்திரி, அல்வா கிண்டுவதற்கு முன்பே வறுத்து வைக்கப்பட்டது.

பூண்டிக்கு அருகில் உள்ள அல்லிக்குழி மலையில் கூழாங்கற்கள் இறுகிய திரள்பாறை இருக்கிறது. அதில் உள்ள உருண்டைக் கற்கள் குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையிலிருந்து உடைந்து, ஆற்றில் உருண்டு வந்து சேர்ந்தவை. ஆக, முதலில் குவார்ட்சைட் மலை. அது உடைந்து தேய்ந்த பிறகு திரள்பாறை. அந்தத் திரள்பாறையும் உதிர்ந்து கூழாங்கற்கள் ஓடைகளில் சிதறிய பிறகு, ஒரு நாள் யாரோ குனிந்து ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லால் தட்டிக் கோடரியாக்கினார்கள். கொற்றலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் அந்தக் கற்கருவிகள் கிடைக்கின்றன. பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான்.

1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தைக் கண்டார். அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் பலர் அங்கே தோண்டினார்கள். ஒரு சிக்கல் தீரவில்லை. அங்குள்ள மெல்லிய வரிகளோடு கூடிய களிமண், டைனோசர் காலத்துக் களிப்பாறையின் சிதைவு என்று முந்தைய ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படியானால் கருவிகள் அந்தக் களிமண்ணின் மேல்தான் இருக்க முடியும், உள்ளே இருக்க வழியில்லை.

1999இல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே மீண்டும் அகழத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த சர்மா மரபுக் கல்வி மையத்தின் தொல்லியலாளர் அவர். மேலே கிடைத்தவற்றோடு நிற்காமல் குழு களிமண்ணுக்குள் இறங்கியது. கருவிகள் உள்ளேயும் இருந்தன. களிமண்ணுக்குள் கருவி இருந்தால், கருவி செய்யப்பட்ட பிறகுதான் களிமண் படிந்திருக்க வேண்டும். எனவே அது டைனோசர் காலத்து மண் அல்ல, மனிதர் வாழ்ந்த காலத்து ஆற்றுவெள்ளம் விட்டுச்சென்ற வண்டல். வரிசை மாறியதும் கதையே மாறியது.

ஆண்டுக் கணக்கு அதன் பிறகு வந்தது. மண்ணுக்குள் புதைந்த கல்லில் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று அளந்தார்கள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவின்படி, கீழடுக்குக் கருவிகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். 2018இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அடுத்த கட்டுரை மேலடுக்குகளைப் பற்றியது. மண்துகள் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று கணக்கிடும் முறையில், புதிய வகைக் கருவிகள் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டதாக அது காட்டியது. எண்களைத் தந்தது ஆய்வுக்கூடம். அந்த எண்களுக்குப் பொருள் தந்தது, எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்று குழிக்குள் குனிந்து எழுதிவைத்த குறிப்பு.

அருங்காட்சியகச் சுவர்களில் கற்கருவிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் தாடி வைத்த ஓர் ஆணின் படம் இருக்கும். அத்திரம்பாக்கத்தின் எந்த அடுக்கும் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கல்லைத் தட்டியது பெண்தான் என்று நானும் சொல்ல மாட்டேன். அடுக்கு சொல்லாததை அடுக்கின்மேல் ஏற்றக் கூடாது என்பது எனக்கும் பொருந்தும், அந்தப் படத்தை வரைந்தவருக்கும் பொருந்தும்.

கிளிஞ்சல் விற்ற பெண்கள்

நான்காவது விதி உயிர்களைப் பற்றியது. ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய உயிரினங்கள் உண்டு. ஒருமுறை அழிந்தவை திரும்ப வருவதில்லை. எனவே இரண்டு தொலைதூர ஊர்களின் பாறைகளில் ஒரே கூட்டமான புதைபடிவங்கள் இருந்தால், இரண்டும் ஒரே காலத்தவை. இங்கிலாந்தில் கால்வாய்கள் வெட்டப்பட்டபோது அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித் இதைக் கண்டுகொண்டு, 1815இல் நாடு முழுவதற்குமான நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். 1840களில் திருச்சி, அரியலூர்ப் பகுதியிலிருந்து லண்டனுக்குப் போன நத்தை, சிப்பிப் புதைபடிவங்களைப் பார்த்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அவை ஐரோப்பாவின் கிரிட்டேசியஸ் பாறைகளுக்கு இணையானவை என்று அடையாளம் கண்டதும் இந்த விதியால்தான்.

விதி ஸ்மித்தின் பெயரில் இருக்கிறது. ஆனால் புதைபடிவங்கள் தாமாக நடந்து அறிஞர்களின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில், தச்சரின் மகளான மேரி ஆனிங் பாறைச் சரிவில் புதைபடிவம் எடுத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றுப் பிழைத்தார். 1823இல் முழுமையான பிளீசியோசர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர் அவர். அவர் எடுத்ததை வைத்து ஆண்கள் கட்டுரை எழுதினார்கள். 1807இல் தொடங்கிய லண்டன் நிலவியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919இல்தான். மேரி இறந்து அப்போது 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. வசதியான குடும்பத்தில் பிறந்த எதெல்ட்ரெட் பெனட், வில்ட்ஷயரின் பாறை அடுக்குகளை அளந்து, எந்தப் படிவம் எந்த அடுக்கில் கிடைத்தது என்று பட்டியலிட்டார். அவருடைய பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்த ரஷ்யர்கள் அவருக்குப் பட்டம் வழங்கினார்கள்.

மேரியைப் படிக்கும்போது எனக்குப் பழவேற்காடுதான் நினைவுக்கு வருகிறது. ஏரியின் சேற்றுக்கடியில் செத்த சிப்பிகளும் மட்டிகளும் படுகை படுகையாகக் கிடக்கின்றன. கடல்நீர் தாராளமாக வந்துபோன காலத்தில் வாழ்ந்தவை அவை. சேற்றில் இறங்கி அந்தக் கிளிஞ்சலை அள்ளி, அலசி, சூளைக்குச் சுமந்தவர்களில் பெண்கள் உண்டு. சென்னையின் பளிங்குபோன்ற சுண்ணாம்புப் பூச்சு ஐரோப்பியப் பயணிகளை வியக்க வைத்தது. கடலோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பு அது. வெள்ளை மாளிகைகளைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. கிளிஞ்சல் எந்த ஆழத்தில் கிடைக்கும், கறுத்த கிளிஞ்சலுக்கும் வெளுத்த கிளிஞ்சலுக்கும் என்ன வித்தியாசம் என்று கையால் அறிந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அலைக்கோடு

எனக்கு மிகவும் பிடித்த விதி கடைசியாக வருகிறது. ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயின்ட் கடற்கரைக்குப் படகில் போனார். அங்கே செங்குத்தாக நின்ற பாறை அடுக்குகளின் தலைமேல் வேறு வகைச் சிவப்புப் பாறை ஏறக்குறைய கிடையாகப் படிந்திருந்தது. கீழ்ப்பாறை படிந்து, இறுகி, மடிந்து நிமிர்ந்து, மேலே துருத்தியது அரித்துப்போன பிறகுதான் மேற்பாறை படிந்திருக்க முடியும். இரண்டும் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்தத் தொடுகோட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. இதை அடுக்கு முறிவு என்று சொல்லலாம். நிலவியலாளர்கள் வரைபடத்தில் அந்த இடத்தை நேர்கோடாகப் போடுவதில்லை, நெளிநெளியான அலைக்கோடாகப் போடுகிறார்கள். இங்கே காலம் இருந்தது, அரிக்கப்பட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள் அல்ல.

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது அந்த அலைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே பெயரும் பதவியும் ஆண்டும் அழகான எழுத்தில் பொறித்த கற்கள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய அதே கம்பெனி, 17ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களிலும் போர்களிலும் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி பட்டாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கப்பலேற்றியது. பழவேற்காடு அந்த வணிகத்தின் முக்கியத் துறைமுகம். பசியால் விற்கப்பட்ட பெண்களும் குழந்தைகளும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. கல் இருப்பவர்களின் வரலாற்றை மட்டும் எழுதினால் நேர்கோடு கிடைக்கும். நேர்மையாக எழுத வேண்டுமானால் அங்கே அலைக்கோடுதான் போட வேண்டும்.

பாறையின் பெயரிலேயே இப்படியொரு கோடு உண்டு. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள கருநீலப் பாறைக்கு சார்னக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறை அந்தப் பாறையால் ஆனது என்பதால் 1893இல் தாமஸ் ஹாலந்து அப்படிப் பெயரிட்டார். சார்னக்கோடு வாழ்ந்து, அவருக்குப் பிள்ளைகள் பெற்று, அவருக்கு முன்பே இறந்த இந்தியப் பெண்ணுக்கு வரலாற்றில் உறுதியான ஒரு பெயர்கூட இல்லை.

எப்போதிலிருந்து?

இதெல்லாம் வெறும் உவமைதானே என்று கேட்கலாம். பழவேற்காட்டில் “யார் முந்தி, யார் பிந்தி” என்பது உவமை அல்ல, சோற்றுப் பிரச்சினை.

ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை போடலாம் என்பதைப் பாடு என்ற வழக்கம் தீர்மானித்து வந்திருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தில், மணமான ஆணுக்குப் பாட்டில் பங்கு உண்டு. சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். பகிர்வு என்று பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் பெண்ணுக்குப் பாடு இல்லை. கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, ஓலைப் பறியில் போடும் இருளர் பெண்ணுக்கும் இல்லை. பாட்டின் நியாயம், “நாங்கள்தான் முதலில் இருந்தோம்” என்ற வரிசையின்மேல் நிற்கிறது. கையால் தடவிப் பிடிப்பது வலைக்கு முந்தியதா பிந்தியதா என்று அந்த வரிசையிடம் யாரும் கேட்பதில்லை.

வெளியிலிருந்து வரும் கேள்வியும் இதே வடிவில்தான் வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணக் கணக்கில் படகும் வலையும் முதலில் எண்ணப்பட்டன. படகு இல்லாத பெண்ணின் தொழிலுக்கு அத்தாட்சி கேட்கப்பட்டது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் பேசப்படும்போதெல்லாம் மீனவ ஊர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றன. இப்படிப்பட்ட விவாதங்களில் எந்த ஊர், எந்தக் கழி, எந்தத் தொழில், எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு ஆண்டோடு பதில் சொல்லக் கூடியவர்களின் பேச்சுக்கு எடை அதிகம்.

குப்பத்து ஆயாக்களிடம் வயது கேட்டால் ஆண்டு சொல்ல மாட்டார்கள். நடந்ததைச் சொல்வார்கள். எடுத்துக்காட்டாக ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒருத்தி, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்கிறாள். பெரும்புயல் வந்தபோது இரண்டாவது பிள்ளை கைக்குழந்தை என்கிறாள். அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டேதான் இந்தக் கழியில் இறால் தடவினேன் என்றும் சொல்கிறாள். முதல் ராக்கெட் 1971. ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த பெரும்புயல் 1984 நவம்பர். ஆக, அவள் மணம் இந்த இரண்டுக்கும் இடையே. அந்தக் கழியில் அவள் தொழில் செய்தது 1984க்கு முன்னரோ அதையொட்டியோ. பதிவேடு எதுவும் இல்லாமல் கிடைத்த கணக்கு இது. அவளோடு அதே கழியில் இறங்கிய இன்னும் இருவர் சொல்வதோடு ஒத்துப்பார்த்தால் இடைவெளி இன்னும் சுருங்கும்.

ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் நிலவியலாளர்கள் செய்ததும் இதுதான். சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் அங்கே ஓர் அடுக்காகக் கிடக்கிறது. சாம்பலுக்குக் கீழே உள்ள கற்கருவிகள் அதற்கு முந்தியவை, மேலே உள்ளவை பிந்தியவை. கருவிக்கு வயது தெரியாது, சாம்பலுக்குத் தெரியும். புயலும் சுனாமியும் ராக்கெட்டும் குப்பத்தின் சாம்பல் அடுக்குகள். எரிமலைச் சாம்பலை வைத்துச் சொன்னால் அறிவியல், புயலை வைத்துச் சொன்னால் கிழவியின் பேச்சு என்று பிரிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிலவியல் கேட்கும் ஒழுக்கத்தையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே வாயிலிருந்து வருவதை வைத்து முடிவு கட்டக் கூடாது. அடுக்கு கலைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நினைவும் நண்டு வளை போலக் கீழ்மண்ணை மேலே தள்ளும். 1984 புயலையும் 2016 வர்தா புயலையும் ஒருத்தி ஒன்றாகக் குழைத்துச் சொல்லக்கூடும். அதனால்தான் பலரைக் கேட்டு, ஒவ்வொருவரும் சொல்லும் வரிசையைத் தனித்தனியாக எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்த வேண்டும். சாந்தி பப்புவின் குழு செய்ததுபோல, மேலே கிடைத்தவற்றோடு நிற்காமல் உள்ளே இறங்க வேண்டும்.

பழவேற்காட்டில் நான் செய்ய விரும்புவதும் பிறரைச் செய்யச் சொல்வதும் இதைத்தான். ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு நீளமான தாள். அடியில் அங்குள்ள மிக மூத்த பெண் சொல்லும் மிகப் பழைய நிகழ்ச்சி. அதற்குமேல் அடுத்தது. எந்த ஊற்று எப்போது உப்பானது, எந்தக் கழியில் இறால் எப்போது குறைந்தது, முகத்துவாரம் எந்தப் புயலுக்குப் பிறகு அடைத்துக்கொண்டது, சந்தைக்கு நடந்து போன வழி எந்த வேலி வந்த பிறகு மாறியது, எந்த வருஷத்துக்குப் பிறகு பெண்கள் கிளிஞ்சல் அள்ளப் போவதை நிறுத்தினார்கள். ஆண்டு தெரிந்த இடத்தில் ஆண்டை எழுதலாம். தெரியாத இடத்தில் முன், பின் என்று எழுதலாம். யாருக்கும் எதுவும் நினைவில்லாத இடத்தில் காலி விடாமல் ஓர் அலைக்கோடு போட வேண்டும். அடுத்த முறை “நீங்கள் எப்போதிலிருந்து இங்கே இருக்கிறீர்கள்?” என்று யாராவது கேட்டால், அந்தத் தாளை மேசையில் விரித்துக் கீழிருந்து படித்துக் காட்டலாம்.